பொருள் தெரியாமல் ஏற்றிய சொல்

பொருள் தெரியாத சொல்லையும் அடுக்கில் ஏற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது நான்தான். ஏதாவது செய் என்று கேட்டது வேறொருத்தி. என்ன செய்வது என்று தீர்மானித்தது நான். ஒரு சனிக்கிழமை மத்தியானம், மீன்குழம்பு சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். மாற்றியதும் எனக்கு என் மேலேயே ஒரு மதிப்பு வந்தது. அதை நினைத்தால்தான் இப்போது அதிகம் கூசுகிறது.

நான் எறணாகுளம் பக்கம் காக்கநாட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பதினெட்டு வருடமாக அடுத்தவர் எழுதிவைத்த நிரலைப் பழுது பார்க்கும் வேலை. சொந்தமாக ஒன்று எழுத வேண்டும் என்ற ஆசை மட்டும் தீரவே இல்லை. எங்கள் வீடு மட்டாஞ்சேரியில், கடைத்தெருவுக்குப் பின்னால். எதிரே குறுமிளகுக் கிடங்கு. சரக்கு சலிக்கிற நாளில் தெருவே தும்மும். அதன் முதலாளியின் குடும்பம் எப்போதோ குஜராத்திலிருந்து வந்தது. ஊரே அவரைச் சேட்டு என்றுதான் கூப்பிடும். எல்லோரிடமும் மலையாளத்தில் பேசுவார். எங்களிடம் மட்டும், தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு மலையாளத்தில் பேசுவார்.

அவர் மகன் எங்கிருந்தோ ஒரு பெரிய மென்பொருளை வாங்கிப் போட்டிருந்தான். அதைத் திறந்தால் முதலில் சரக்கின் எண்ணைக் கேட்கும். கிடங்கில் எண் போடுகிற கேட் கிளார்க்கைத் தவிர யாருக்கும் எண் தெரியாது. ஆகவே யாரும் அதைத் திறப்பதில்லை. சேட்டு என்னிடம் வந்து சிரித்துக்கொண்டே புலம்பினார். நான் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதை என்று அம்மா அன்றைக்கே சொன்னாள்.

சாதாரண நிரலாக எழுதியிருந்தால் போதும். எனக்கு அது போதவில்லை. கிடங்குக்காரர்கள் பேசுகிற சொற்களையே கட்டளையாக வைத்து ஒரு குட்டி ஸ்கிரிப்ட் மொழியே எழுதினேன். வாசல், ஜன்னல், ஏணி, கிணறு: இவைதான் அங்கே சரக்கின் பெயர்கள். மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்தால் அது அட்டி. வாசல் பக்கத்து அட்டிக்குப் பெயர் வாசல். கிணற்றுச் சுவரை ஒட்டியது கிணறு. இடுக்கியிலிருந்து வந்ததா வயநாட்டிலிருந்து வந்ததா என்பதெல்லாம் எண்ணைப் போடுகிற கேட் கிளார்க்கின் கவலை.

இந்தப் பெயர்களை நாள் முழுக்கத் தலையில் சுமந்தவள் ஓர் அக்கா. எங்களுக்கு இரண்டு சந்து தள்ளி வீடு. கிடங்கில் இருபது வருடமாக மாதிரி எடுக்கிற வேலை. காலையில் குத்தூசியை மூட்டைக்குள் செருகி, ஒரு பிடி மிளகை உருவி, கவரில் போட்டு ஒட்டுவாள். அவளுடைய முன்னோர் திருநெல்வேலிப் பக்கம், எங்களுடையவர்கள் பாலக்காடு. நாங்கள் இரண்டு பேரும் பேசுவது தமிழ்தான் என்று நாங்களே சொல்லிக்கொண்டால் உண்டு; சென்னையிலிருந்து வந்த என் மேலாளர் ஒருநாள் நாங்கள் போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு, என்ன பாஷை என்று கேட்டார். எழுத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான் தமிழ் எழுதப் படித்ததே வேலைக்குப் போன பிறகு. அக்கா இன்றைக்கும் மலையாள எழுத்துதான்.

அக்கா கவரின்மேல் எதுவும் எழுத மாட்டாள். எடுத்த வரிசையிலேயே கவர்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டி அனுப்புவாள். எறணாகுளத்துப் பரிசோதனைச் சாலையில் மேலேயிருந்து பிரித்து ஈரம் பார்ப்பார்கள். மூன்று மணிக்கு முடிவுகள் அதே வரிசையில் போனுக்கு வரும்: கடைசியாக எடுத்தது முதலில், முதலில் எடுத்தது கடைசியில். எந்த முடிவு எந்த அட்டிக்கு என்பது அவள் தலையில் இருக்கும். எழுதி வைத்தால் என்ன என்று நான் கேட்டேன்.

“எழுதி வச்சா பின்னே எனக்கு என்னடீ வேலை?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, சாயா குடித்துக்கொண்டே, தானாகச் சொன்னாள். “அம்மைக்கு ஐம்பத்திமூணு வயசிலே தொடங்கிச்சு. முதல்ல சாவி. பின்னே தெரு. கடைசியிலே என்னையே யாருன்னு கேட்டா. எனக்கு இப்ப ஐம்பத்தொண்ணு. காலையிலே எடுத்தது அத்தனையும் மூணு மணி வரை ஓர்மையிலே நின்னா, அந்த நாள் நான் ஜெயிச்சேன். அதான் எழுதறதில்லே.”

இதை என்னிடம்தான் சொன்னாள். வேறு யாருக்கும் சொல்லவில்லை என்றும் சொன்னாள். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் எங்கேயும் சொல்ல முடியாது.

அவளுடைய கவர்க்கட்டைப் பார்த்ததும் எனக்குக் குஷி. இது அப்படியே அடுக்கு. கழுவின தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், கடைசியாக வைத்ததைத்தானே முதலில் எடுப்போம்? நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பழக்கமான வித்தை. அக்கா காலையில் மாதிரி எடுக்க எடுக்க, போனில் வாசல், ஜன்னல், ஏணி என்று தட்டுவாள். ஒவ்வொரு சொல்லும் அடுக்கில் ஏறும். மூன்று மணிக்கு முடிவு வரும்போது மேலேயிருந்து ஒவ்வொன்றாக இறங்கும். அவள் நினைவைச் சோதித்துக்கொள்ளட்டும், மிஷினும் கூட வைத்திருக்கட்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அவளுக்கே சந்தோஷம்தானே என்று நினைத்தேன்.

அவளும் சந்தோஷப்பட்டாள். முதல் நாள் ஐந்து நிமிஷம்வரை. அப்புறம் தெருவைத் தாண்டி அவள் குரல் வந்தது.

“ஏய் எஞ்சினீயரே! உன் மிஷினுக்கு வாசல்னா என்னன்னே தெரியாதாம். கையைப் பிடிச்சு கூட்டிட்டுப்போய் காட்டிக்குடு!”

விஷயம் இதுதான். லாரி விடிகாலையில் வரும். அக்கா எட்டு மணிக்கு மாதிரி எடுப்பாள். வாசலில் இருப்பது எந்த எண்ணுள்ள சரக்கு என்று கேட் கிளார்க் பதிவதோ பத்து மணிக்கு. எட்டு மணிக்கு வாசல் என்ற சொல்லுக்கு மிஷினிடம் பொருள் கிடையாது. பொருளில்லாத சொல்லை ஏற்ற மாட்டேன் என்று அது நின்றுவிடும். நின்றது சரிதான். அப்படித்தான் நான் எழுதியிருந்தேன்.

கிளார்க்கை எட்டு மணிக்கு வரச் சொல்லலாம். அவர் வர மாட்டார். இல்லையென்றால், பத்து மணிக்கு எண் வந்தவுடன், அடுக்கில் காத்திருக்கும் சொல்லைத் தேடி எண்ணோடு முடிச்சுப் போட்டுவிடலாம். அதற்கு இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து எழுத வேண்டும். நான் செய்தது மூன்றாவது வழி. பொருள் தெரியாவிட்டால் பரவாயில்லை, சொல்லை அப்படியே ஏற்று. இறக்கும்போது பொருளைத் தேடிக்கொள். ஒரு வரி. சனிக்கிழமை மத்தியானம்.

அக்காவிடம் காட்டினேன். இனி மிஷின் நிற்காது, நீ சொன்னதைச் சொன்னபடியே வாங்கி வைத்துக்கொள்ளும், மூன்று மணிக்கு அதுவே எண்ணைப் பார்த்துக்கொள்ளும் என்றேன். அவள் கவரை ஒட்டிக்கொண்டே கேட்டாள்.

“அதுக்குள்ளே வாசல் மாறிப்போச்சுன்னா?”

இவ்வளவுதான் கேட்டாள். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றவள். நான் படித்த படிப்புக்கு, நான் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அது. நான் சிரித்தேன்.

“அதெல்லாம் மிஷின் பாத்துக்கும் அக்கா. நீங்க வெறுதே பயப்படாதீங்க.”

“ஓ, எனக்கென்ன தெரியும். நீ சொன்னா சரி,” என்றாள்.

அக்கா காலையில் வாசல் என்று சொன்னால், அவள் கை வைத்த அந்த மூட்டைகளைச் சொல்கிறாள். பிறகு அதைக் கிணற்றடிக்குத் தள்ளினாலும், மாடிக்கு ஏற்றினாலும், அவளுக்கு அது காலையில் எடுத்த வாசல்தான். மிஷினுக்கு அப்படியில்லை. வாசல் என்ற எழுத்துகள்தான் அதனிடம் இருக்கின்றன. மூன்று மணிக்கு அந்த எழுத்துகளை எடுத்துக்கொண்டுபோய், இப்போது வாசலில் இருப்பது யார் என்று கேட்கும். யார் இருக்கிறார்களோ அவர்கள் தலையில் முடிவைக் கட்டும். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாத வித்தியாசம் இல்லை. நான் சோறு தின்பதே இந்த மாதிரி வித்தியாசங்களில்தான்.

இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. வெயில்காலத்தில் வாசல் அட்டியை யாரும் அசைப்பதில்லை. பிறகு மழை பிடித்தது.

அந்த நாளை என் நிரலின் பதிவேட்டிலிருந்தும் கிடங்கில் கேட்டதிலிருந்தும் முழுவதாகச் சொல்ல முடியும். எட்டு மணிக்கு அக்கா வாசல் என்று ஏற்றினாள். பத்துக்குக் கிளார்க் வாசலுக்கு எண் கொடுத்தார். அது நன்றாகக் காய்ந்த சரக்கு. பன்னிரண்டரைக்குத் தெருவில் தண்ணீர் ஏறி வாசற்படி வரை வந்ததால், மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் அந்த அட்டியை அவசரமாக உள்ளே மாற்றினார்கள். ஒரு மணிக்கு நனைந்த தார்ப்பாயோடு ஒரு லாரி வந்தது. அந்தச் சரக்கை வாசலில் பலகை போட்டு இறக்கினார்கள். கிளார்க் வாசலுக்குப் புது எண் எழுதினார். மூன்று மணிக்கு முடிவு வந்தது. காய்ந்த சரக்கின் முடிவு ஈரச் சரக்கின் எண்ணில் உட்கார்ந்தது. லேபிள் அச்சாகி வந்தது. லேபிளில் எண் மட்டும்தான் இருக்கும். அக்கா எப்போதும்போல அதில் கையெழுத்துப் போட்டாள். ஈரச் சரக்கு ‘ஈரமில்லை’ என்ற சீட்டோடு மறுநாள் தமிழ்நாட்டுக்கு, ஒரு மசாலா கம்பெனிக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில் இன்னொன்று நடந்தது. அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கிணற்றுப் பக்கம் தள்ளப்பட்ட காய்ந்த அட்டியைக் காட்டி, இதற்கு மாதிரி எடுக்கவில்லை என்று மிஷின் அக்காவிடம் சொல்லியிருக்கிறது. எடுத்தேனே என்று அவள் நின்றிருக்கிறாள். எடுத்தோமா என்று யோசித்திருக்கிறாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இன்னொரு தடவை குத்தூசியைச் செருகி எடுத்திருக்கிறாள். என்னிடம் கேட்டிருக்கலாம். மிஷின் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னவளிடம் போய் என்னவென்று கேட்பாள்?

மூன்று வாரத்தில் அந்தச் சரக்கு பூஞ்சணம் பிடித்துத் திரும்பி வந்தது. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், வேலையிலிருந்து வந்து காலைக்கூடக் கழுவவில்லை, சேட்டு ஆளனுப்பினார். அவருடைய அறையில் மேஜைமேல் அந்த லேபிள்கள் கிடந்தன. அக்கா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

“எஞ்சினீயரே, இவளை எனக்கு இருபது வருஷமா தெரியும். யானைக்கும் அடி சறுக்கும், நான் ஏச்சு ஒண்ணும் பறையறதில்லே. ஆனா எங்கே தப்பினதுன்னு எனக்குத் தெரியணும். உன் கம்ப்யூட்டர்ல குழப்பம் ஒண்ணும் இல்லல்லோ?”

மடிக்கணினியைத் திறந்து பதிவேட்டைப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எட்டு மணி, பத்து மணி, ஒரு மணி, மூன்று மணி: வாசலுக்கு நான்கு வரி. நாலும் என்னைப் பார்த்தன.

“பாத்துட்டு சொல்றேன் சேட்டு,” என்றேன்.

பார்த்து முடித்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன்.

சேட்டு தலையாட்டினார். குழப்பம் இருந்தால் நான் உடனே சொல்லியிருப்பேன் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அக்கா என்னைப் பார்த்தாள். அப்புறம் சேட்டைப் பார்த்து, “எனக்குத்தான் தப்பிப்போச்சு சேட்டு. மாத்தி எடுத்திருப்பேன்,” என்றாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை என்று எழுதினால் கதை கொஞ்சம் கௌரவமாக இருக்கும். புரிந்தது: தப்பு தன்னுடையதா என்று என்னைக் கேட்டாள். கூடவே வாசல்வரை வந்தேன். “நாளைக்கு வரேன் அக்கா, பேசலாம்,” என்றேன். அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

ஏன் சொல்லவில்லை? அந்த வாரச் சனிக்கிழமை வைட்டிலா பக்கத்தில் நிரல் எழுதுகிறவர்களின் கூட்டம் ஒன்று. என் குட்டி மொழியைப் பற்றி நான் பேசுவதாக இருந்தது. பதினெட்டு வருடத்தில் என்னை மேடையில் ஏற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை. அழைப்பிதழில் என் பேச்சுக்குக் கீழே ஒரு வரி போட்டிருந்தார்கள்: பொருள் தெரியாத சொல்லுக்கும் இடம் கொடுக்கும் மொழி. அந்த வரியை எழுதிக் கொடுத்தது நானேதான். அதே இடத்தில் ஓட்டை என்று திங்கட்கிழமை சொன்னால் சனிக்கிழமை என்ன பேசுவது? முதலில் ஓட்டையை அடைப்போம், கூட்டம் முடியட்டும், பிறகு சேட்டிடம் ‘இப்படி ஒன்று இருந்தது, சரி செய்துவிட்டேன்’ என்று சேர்த்தே சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஐந்து நாள்தானே? அக்கா எங்கே போய்விடப் போகிறாள்?

அந்த ஐந்து நாளும் நான் அவள் சந்து வழியாகப் போகவில்லை. முன்பு யூதர்கள் இருந்த ஜூ டவுனைச் சுற்றிக்கொண்டு, பழம்பொருள் கடைகளின் வாசலில் பித்தளை விளக்கைத் தட்டிப் பார்க்கும் வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் நுழைந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பத்து நிமிஷம் கூடுதல். செவ்வாய்க்கிழமை அவளிடமிருந்து போனில் ஒரு குரல்செய்தி வந்தது.

“மோளே, ஒண்ணு கேக்கட்டா. அன்னிக்கு நான் காலையிலே என்ன என்ன தட்டினேன்னு உன் மிஷின்லே இருக்கில்லே? அதை எனக்கு ஒண்ணு சொல்லித் தா. எனக்கு ஓர்மையிலே ஒண்ணு இருக்கு, அது சரியான்னு பாக்கணும். வேற ஒண்ணுமில்லே.”

அவள் தன்னைச் சோதித்துக்கொள்ளப் பார்க்கிறாள். நான் நான்கு வரியைப் படித்துக் காட்டியிருந்தால் போதும். ‘நீங்க சொன்னது அத்தனையும் சரி அக்கா, தப்பு என்னோடது.’ அவ்வளவுதான். அப்படிச் சொன்னால் அவள் சேட்டிடம் போய்ச் சொல்லுவாள், சேட்டு மகனிடம் சொல்லுவார், அவனுக்கு அந்தக் கூட்டத்தில் இரண்டு மூன்று பேரைத் தெரியும். நான் எழுதினேன்: ‘ஆபீசில் இருக்கேன் அக்கா. பார்த்துச் சொல்றேன்.’ அதே சொல்.

சனிக்கிழமை பேச்சு நன்றாகப் போனது. மிளகுக் கிடங்கு, கவர்க்கட்டு, வாசல் என்றால் என்னவென்று தெரியாமல் நின்ற மிஷின் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா தெருவில் நின்று கத்தியதை அவள் குரலிலேயே நடித்துக் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கி, ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் நடுவில் அந்தப் பெயருக்குப் பொருள் மாறினால் என்ன ஆகும் என்று கேட்டாள். நல்ல கேள்வி, அதை இந்த வாரம்தான் சரி செய்தேன் என்றேன். அது உண்மை. அதற்கும் கைதட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சேட்டு வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டேன். நான் நினைத்த மாதிரி அவர் கத்தவில்லை. மகனும் சிரிக்கவில்லை. சேட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இது நீ திங்களாழ்ச்சை பறைஞ்சிருக்கலாமே,” என்றார். பிறகுதான் சொன்னார். அக்கா வியாழக்கிழமையே வந்து வேலையை விட்டுவிட்டாள். அவர் போகச் சொல்லவில்லை. இரு என்றுதான் சொன்னாராம். தனக்கு இனி நம்பிக்கை இல்லை, யாருக்காவது கெடுதல் ஆகிவிடும், அம்மைக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமை, நான் மைக்கில் அவள் குரலில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் தம்பி வந்து பாலக்காட்டுப் பக்கத்திலிருக்கும் தன் வீட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நான் அந்தப் பழமொழியைப் பலமுறை அடுத்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

சேட்டு என் முன்னாலேயே அவளுக்குப் போன் செய்தார். தப்பு உன்னுடையது இல்லை, கம்ப்யூட்டருடையது, எஞ்சினீயரே ஒப்புக்கொண்டாள், நாளைக்கே வா என்றார். நானும் வாங்கிப் பேசினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பார்க்கலாம் என்றாள். வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதிவேட்டின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு, வைட்டிலாவில் பஸ் பிடித்து நானே போனேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். ஆனாலும் கும்பிடாமல் இருக்க முடியவில்லை.

தம்பி வீடு வயலோரமாக, நல்ல காற்றோட்டமான வீடு. அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கோபமும் இல்லை. இளைத்திருந்தாள். தம்பி மனைவி சாயா போட உள்ளே போனபோது, அக்கா கூடப் போகவில்லை. “என்னை அடுப்புகிட்டே விட வேண்டாம்னு நானே சொல்லிட்டேன். கேஸைத் திறந்து போட்டுட்டு மறந்துபோனா?” என்றாள். அடுக்களை அலமாரியில் டப்பாக்கள் வரிசையாகத் தெரிந்தன. உப்பு, சீனி, கடுகு என்று ஒவ்வொன்றிலும் அவள் கையால் மலையாளத்தில் எழுதி ஒட்டியிருந்தாள். கவரின்மேல் ஓர் எழுத்துகூட எழுதாதவள்.

நான் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தை விரித்தேன். ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். எட்டு மணிக்கு நீங்கள் சொன்ன வாசல் வேறு, மூன்று மணிக்கு மிஷின் பார்த்த வாசல் வேறு. நீங்கள் அன்றைக்கே கேட்டீர்கள், வாசல் மாறினால் என்ன என்று. நான்தான் சிரித்தேன்.

“அப்படிக் கேட்டேனா?” என்றாள். “எனக்கு ஓர்மையில்லையே.”

அந்தக் கேள்வியை யாராக இருந்தாலும் மறப்பார்கள். அவள் அன்றைக்குக் கவர் ஒட்டிக்கொண்டே போகிறபோக்கில் கேட்டது. ஆனால் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். இதுவும் போச்சா என்று தன்னையே நொந்துகொள்கிற முகம்.

“அக்கா, அன்னிக்கு எடுத்தது வரிசையா சொல்லுங்க. இங்கே எழுதியிருக்கு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “வாசல். பின்னே ஜன்னல். ஏணி. ஏணிக்குப் பின்னாடி சின்னது ஒண்ணு. கிணறு.”

ஐந்தும் சரி. வரிசையும் சரி. ஒரு மாதத்துக்கும் மேலே ஆகியிருந்தது. எனக்கு நேற்றுச் சாப்பிட்டது நினைவிருக்காது. “எல்லாம் சரி அக்கா! பாருங்க, இங்கே இருக்கு, ஒண்ணுகூட மாறலே!” என்று காகிதத்தை அவள் மடியில் வைத்து விரலால் காட்டினேன். அது முழுக்க ஆங்கில எழுத்தும் எண்ணும். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தாள்.

“நீ வேற என்னடீ சொல்லுவே? இவ்வளவு தூரம் பஸ்ஸிலே வந்துட்டு, தப்புன்னா சொல்லுவே?”

“சத்தியமா அக்கா. அம்மா மேலே சத்தியம்.”

“சத்தியம் ஒண்ணும் போட வேண்டாம்.” என் கையைத் தட்டிக்கொடுத்தாள். “அன்னிக்கு சேட்டு கேட்டபோது நீ பாத்தேல்லே? நானும் அங்கேதான் நின்னேன். மிஷினிலே தப்பு இருந்தா உன் வாய் அப்பவே சொல்லியிருக்கும். நீ ஒளிக்கிற ஆளு இல்லே, எனக்கு உன்னை அறியாதா? பின்னே நான் குரல் அனுப்பினேன், அதுக்கும் நீ ஒண்ணும் சொல்லலே. அப்பத்தான் எனக்கு உறுதியாச்சு. அக்கா மனசு நோகுமேன்னு மோளு மிண்டாம, வாயைத் திறக்காம இருக்கான்னு.”

நான் ஒளித்தேன் என்றேன். கூட்டத்தைச் சொன்னேன். மேடையில் அவளைப் போலப் பேசிக் காட்டியதைச் சொன்னேன். இதைக் கேட்டாவது திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நம்பினாள் என்று அர்த்தம். அவள் என்னைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அழுதுகொண்டிருந்த என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். சாயா ஆறிப்போகிறது, குடி என்றாள்.

டாக்டரிடம் ஒருதரம் காட்டலாம், ஒன்றுமில்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள் என்று கெஞ்சினேன். அம்மைக்கும் முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள் என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை அவள் வளர்க்கவில்லை. கிடங்கில் யார் மாதிரி எடுக்கிறார்கள், மழை குறைந்ததா, என் அம்மாவின் முட்டுவலி எப்படி என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமானபோது பலாப்பழத்தை நறுக்கிப் பொட்டலம் கட்டித் தந்தார்கள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் தம்பி மனைவியிடம் மெல்லப் பேசுவது கேட்டது.

“பாத்தியா, எப்படிப்பட்ட பொண்ணு! நான் திரும்ப வேலைக்குப் போகணும்னு, செய்யாத தப்பைத் தன் தலையிலே ஏத்திக்கிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கா. இந்தக் காலத்திலே யாரு செய்வா?”

பிறகு வெளியே வந்து, என் தலையில் கை வைத்து, நீ நல்லா இருப்பே மோளே என்றாள்.